தானா போட்டுக்குச்சு

ஜெபமாலையின் மூன்றாவது பத்து பாதியைத் தாண்டியபோது டிவி பேச ஆரம்பித்தது.

"இஞ்சி பூண்டு விழுது ரெண்டு ஸ்பூன் சேத்துக்கோங்க" என்றது ஒரு பெண் குரல். சுவரில் இருந்த டிவியைக் காலையில்தான் வெள்ளைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். இப்போது போர்வை உள்ளிருந்து நீலமாக எரிந்தது. அதற்கு நேர் கீழே, ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள், அற்புதசாமி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கையுறையுமாகப் படுத்திருந்தார்.

ஜெபம் நின்றுவிட்டது. வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரவீன்ராஜ் தரையில் இருந்த பெண்களைத் தாண்டித் தாண்டிப் போய்ப் போர்வைக்குள் கைவிட்டான். சுவரோடு ஒட்டிய டிவியில் அமுக்குவதற்கு எதுவும் அகப்படவில்லை.

"ரிமோட் எங்க?"

அவன் மனைவி செல்வமேரி சமையலறையில் ஃப்ரிட்ஜின் மேலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் வாங்கி அமுக்கினான். குரல் அறுந்தது.

"சாவு வீட்டுல எவன்டா டிவி போட்டது?" என்றாள் ரோசம்மாள். செத்தவரின் அக்கா. ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தவள். "சரி, எத்தனாவது மணில விட்டோம்?"

"ஏழு" என்றாள் ஒருத்தி.

"ஆறு. நான் எண்ணிட்டுத்தான இருக்கேன்."

ஆறிலிருந்தே தொடங்கினார்கள். பிரவீன்ராஜ் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அப்பாவின் அறைக் கதவைப் பார்த்தான். கதவின் மேல்பக்கத்தில் ஒரு பச்சைத் துண்டு தொங்கியது. காலையில் செல்வமேரி போட்டது. அந்தத் துண்டுக்குப் பின்னால் மறைந்து, கதவின் வெளிப்பக்கத்தில், புதுத் தாழ்ப்பாள் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பிரவீன்ராஜ்தான் அதை அடித்தான். மூன்று ராத்திரி அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. இன்று வியாழன்.

காரணம் இந்த டிவி.

மூன்று மாதமாக அது நேரங்கெட்ட நேரத்தில் ஓடியது. மத்தியானம் அப்பா தனியாக இருக்கும்போது ஓடும். விடியற்காலையில் தெருவே எழுந்திருக்கும் சத்தத்தில் ஓடும். அவனும் செல்வமேரியும் அறையிலிருந்து வெளியே வந்தால், அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நிற்பார்.

"தானா போட்டுக்குச்சுப்பா. நான் அமத்த வந்தேன்."

முதல் தடவை சிரித்தார்கள். பத்தாவது தடவை கத்தினார்கள். அப்பா அரியமங்கலம் பட்டறைகளில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். "கரண்ட்ல ஏதோ கோளாறு இருக்கு, ஒரு வயர்மேனக் கூப்பிடு" என்று சொன்னார். பிரவீன்ராஜ் வயர்மேனைக் கூப்பிடவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் கிழமை கேட்டார், தேதி கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அப்பா இரண்டு வரைக்கும் பிசகாமல் வந்தார். அப்புறம் டாக்டர் மகனைப் பார்த்து, "வீட்டுல என்ன பண்றாரு?" என்றார். மகன் டிவியைச் சொன்னான். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டியின் பின்னாலிருந்து அப்பா, "நீ சொன்னதத்தான அவரு எழுதுனாரு" என்றார்.

ஆனால் தாழ்ப்பாள் போட்ட பிறகு ராத்திரியில் டிவி ஒரு தடவைகூட ஓடவில்லை. திங்கள், செவ்வாய், புதன். மூன்று ராத்திரியும் வீடு அமைதியாக இருந்தது. அதுதான் பிரவீன்ராஜிடம் இருந்த ஒரே சாட்சி. அதை வைத்துத்தான் காலையிலிருந்து அவனால் எழுந்து நடக்க முடிந்தது.

இப்போது அப்பா பெட்டிக்குள் இருக்கிறார். டிவி ஓடுகிறது.

ஜெபமாலை முடிந்ததும் ஷெர்லின் எழுந்து அவனிடம் வந்தாள். தங்கச்சி. மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தவள், அழுது முடித்து, இப்போது முகம் காய்ந்திருந்தது.

"ரிமோட் எங்கண்ணே இருந்துச்சு?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"யாரு தொட்டா?"

"யாரும் தொடல. ஏதாவது பட்டிருக்கும்."

"ஃப்ரிட்ஜ் மேல என்ன படும்?"

"பல்லி கில்லி ஓடிருக்கும், விடு."

அவள் விடவில்லை. "அப்பா எங்கிட்ட போன்ல சொன்னாரு. டிவி தானா போட்டுக்குதும்மா, இவங்க நம்ப மாட்டேங்குறாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அண்ணன்கிட்ட சொல்லுங்கப்பான்னேன்." அவள் பெட்டியைப் பார்த்தாள். "தூக்கத்துலயே போயிட்டாராண்ணே?"

"ஆமா. ஆறேகாலுக்குப் போய்ப் பாத்தேன். கட்டில்ல இருந்தாரு."

கட்டிலில் இல்லை. கதவைத் திறக்கும்போது கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, "மாரடைப்பு. அஞ்சு நிமிஷங்கூட இருந்திருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்ததை டாக்டர் பார்க்கவில்லை. டாக்டர் வருவதற்கு முன்பே செல்வமேரி கையுறையை மாட்டிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவ்வளவு தோல் உரியாது என்று பிரவீன்ராஜுக்குத் தெரியும்.

அவன் சமையலறைக்குப் போய் ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டு பேட்டரியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இனி எப்படி ஓடுதுன்னு பாக்கலாம்."

செல்வமேரி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தத் துண்ட மட்டும் யாரும் எடுத்துடாம பாத்துக்குங்க" என்றாள், திரும்பாமல்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை ஒரு ஆள் பல்வலிக்குப் பற்பசை விற்றான். அறையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒரு கிழவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ரோசம்மாள் பெட்டியைப் பார்த்து, "என்னடா அற்புதம், பொழுது போகலயா உனக்கு?" என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரவீன்ராஜின் கை சட்டைப் பைக்குப் போனது. இரண்டு பேட்டரியும் அங்கேதான் இருந்தன.

"சுவிட்ச அமத்துங்க" என்றாள் செல்வமேரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பாத்துக்கிட்டே நிக்கிறீங்க."

டிவிக்குக் கீழே சுவரில் ஒரு போர்டு. மூன்று சுவிட்ச், இரண்டு பிளக். ஒன்றில் டிவி. பெரியதில் ஐஸ் பெட்டி. அவன் குனிந்ததும் வாசலிலிருந்து பூவரசன் ஓடிவந்தான். ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவன். பெட்டி வீட்டில் இருக்கும் வரை கூடவே இருப்பான்.

"அண்ணே, அண்ணே, அதுல கை வைக்காதீங்க. பெட்டி அதுலதான் ஓடுது."

"டிவி சுவிட்ச் எது?"

"நடுவுல உள்ளது. காலையில எது எதுக்குன்னு தெரியல, மூணையும் தட்டி விட்டேன். டிவியும் சேந்து ஓடுச்சு, யாரோ ரிமோட்ல அமத்துனாங்க. முன்னாடி எல்லாமே அமந்து கெடந்துச்சு."

பிரவீன்ராஜ் நடுச் சுவிட்சைத் தட்டினான். பற்பசைக்காரன் போனான். ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. குந்திய நிலையில் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"இத யாரு அமத்தி வச்சது?"

"நாந்தான். ராத்திரி படுக்குறப்ப அமத்திடுவேன்."

"எப்பலேருந்து?"

"அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சிட்டே இருக்குன்னு…" அவள் நிறுத்தினாள். அவளுக்கும் இப்போதுதான் அது உறைத்தது. "திங்கக்கெழமையிலேருந்து."

ஒரே நாளில் இரண்டு காரியம் செய்திருக்கிறார்கள். அவன் தாழ்ப்பாள் அடித்தான். அவள் சுவிட்சை அமர்த்தினாள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று ராத்திரி டிவி ஓடாததற்கு இருவரும் தாழ்ப்பாளைத்தான் நம்பினார்கள்.

இப்படியே விட்டுவிடலாம். சுவிட்ச் அமர்ந்துவிட்டது. நான்கு மணிக்கு அடக்கம். அதற்குள் டிவி இனி பேசாது. அவன் நடுச் சுவிட்சை மறுபடியும் போட்டான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் செல்வமேரி.

"இரு."

சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நொடி டிவியே எரிந்தது. அவன் ரிமோட்டில் பேட்டரியைப் போட்டு அமுக்கினான். இருண்டது. சிவப்புப் புள்ளி மட்டும். அவன் போர்வையை முழுவதுமாக உருவித் தரையில் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். முழங்கால் ஐஸ் பெட்டியில் இடித்தது.

"டேய் பிரவீனு" என்றாள் ரோசம்மாள். "அப்பன் செத்துக் கெடக்கான். டிவிய வெறிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்த மாலைகளை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஷெர்லின்தான் வாங்கினாள். வாங்கும்போதெல்லாம் அவனையும் அவன் பார்க்கும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒன்றேகால் ஆனது. ஐஸ் பெட்டியின் உறுமல் சட்டென்று நின்றது. அதன் மீட்டரில் இருந்த சிவப்பு எண்கள் அணைந்தன. டிவியின் சிவப்புப் புள்ளியும் அணைந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ட்யூப் லைட் எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நொடி. ஐஸ் பெட்டி 'பீப்' என்று கத்தியது. எண்கள் திரும்ப வந்தன. அதே நேரத்தில் டிவி வெளிச்சமாகி, ஒரு கூட்டம் சிரிக்கும் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது.

"பூவரசு, இப்ப என்ன ஆச்சு?"

"கரண்ட் வெட்டிட்டு வருதுண்ணே. காலையிலேருந்து இதோட மூணு தடவ ஆச்சு."

"எங்களுக்குத் தெரியலயே."

"எப்படித் தெரியும், ஃபேன் லைட்டெல்லாம் இன்வெர்ட்டர்ல ஓடுது. இந்த போர்டு இன்வெர்ட்டர்ல இல்ல. எம் பெட்டி கத்தும், அத வச்சுத்தான் எனக்கே தெரியும்."

அப்பாவுக்கு மூச்சு வாங்கும் தொந்தரவு. அதற்கு வைத்த மெஷின் நிற்காமல் ஓடத்தான் கார்த்திகையில் இன்வெர்ட்டர் போட்டார்கள். அன்றிலிருந்து கரண்ட் போவது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது. டிவிக்கு மட்டும் தெரிந்தது.

ஆனால் கரண்ட் வந்தால் டிவி ஏன் எரிய வேண்டும்? பக்கத்து வீட்டு டிவி எரியவில்லையே. பிரவீன்ராஜ் ரிமோட்டில் மெனுவைத் திறந்தான். படம், சத்தம், நேரம். கீழே போனான். ஷெர்லின் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் நிற்பது தெரிந்தும் அவன் நிறுத்தவில்லை. 'பவர் ஆன் மோட்' என்று ஒன்று இருந்தது. எதிரே 'ஆன்' என்று போட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் பழைய ரிமோட்டில் பவர் பட்டன் மட்டும் செத்துப்போனது. மற்ற பட்டன்கள் வேலை செய்தன. சுவரில் சுவிட்சைப் போட்டால் டிவி தானாக எரிய வேண்டும் என்று அவன்தான் இந்த மெனுவுக்குள் வந்து மாற்றினான். அப்பா அன்று பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்லடா, ஆளு வெவரந்தான்" என்று சொன்னார். இரண்டு மாதம் கழித்து சிங்காரத்தோப்பில் புது ரிமோட் வாங்கினான். மெனுவுக்குள் திரும்பப் போகவில்லை.

"என்னண்ணே அது?" என்றாள் ஷெர்லின்.

"கரண்ட் வந்தா தானா ஓடணும்னு வச்சிருக்கு."

"யாரு வச்சா?"

"நாந்தான்."

கூட்டம் டிவியில் சிரித்துக்கொண்டே இருந்தது. அவன் சத்தத்தைக் குறைத்தான்.

"அப்பா போடல" என்றான்.

ஷெர்லின் ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கி டிவியை அமர்த்தினாள். பிறகு, "இதுக்குத்தான் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனியா?" என்றாள்.

"ஆமா."

"வேற என்ன பண்ணீங்க?"

சமையலறை வாசலில் செல்வமேரி நின்றிருந்தாள். அவள் தலை இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தது. அவன் எழுந்து வெளியே போனான்.

அவள் பின்னாலேயே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள். "பொதைச்சுட்டு வந்து பேசிக்கலாம். இப்ப வாயத் தெறந்தீங்கன்னா இந்தக் கூட்டத்துல என் தலையிலதான் விடியும். மருமகதான் மாமனாரப் பூட்டி வச்சுக் கொன்னான்னு சொல்லுவாங்க. மகன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

அவள் சொன்னது சரிதான். அவன் தொட்டியில் முகத்தைக் கழுவினான். "தாப்பா போடலாம்னு சொன்னது நான்" என்றான்.

"கதவுல சத்தம் கேட்டப்ப விடுங்கன்னு சொன்னது நானு" என்றாள் அவள். பிறகு வாயைப் புடவைத் தலைப்பால் அமுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றரைக்குக் கோயில் உபதேசியார் ஜெபராஜ் வந்தார். சாமியார் கோயிலில் காத்திருக்கிறார், சவப்பெட்டியில் வைத்துவிட்டால் கிளம்பலாம் என்றார். கையில் நீளமான நோட்டு. கல்லறைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே விவரம் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரவீன்ராஜும் ஷெர்லினும் எதிரெதிரே நின்றார்கள்.

"வயசு?"

"எழுபத்தி நாலு" என்றான் பிரவீன்ராஜ்.

"சாமியாரு வந்து நோயில்பூசுதல் எண்ணெ பூசுனாரா?"

"இல்ல. திடீர்னு…"

"சரி, சரி. கடைசி நேரத்துல பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல."

"நேரம் என்ன போடட்டும்?"

பிரவீன்ராஜ் வாயைத் திறந்தான். ஆறேகால் என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து அறுபது பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

"நாலே முக்கால்" என்றான்.

உபதேசியார் எழுதப் போனார். ஷெர்லின், "ஆறேகாலுக்குத்தான பாத்தேன்னு சொன்ன?" என்றாள்.

"பாத்தது ஆறேகாலுக்கு. நாலே முக்காலுக்குக் கதவத் தட்டுனாரு."

"நீ?"

"படுத்திருந்தேன்."

"தட்டுவானேன்? அவரே தெறந்துக்கிட்டு வர வேண்டியதுதான?"

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ரோசம்மாளின் கையில் ஜெபமாலை அசையாமல் நின்றது. ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது.

"வெளிய தாப்பா போட்டிருந்தேன்" என்றான் பிரவீன்ராஜ். "டிவிய வந்து போடுறாருன்னு."

செல்வமேரி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. ஷெர்லின் அவனைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடிக்குள் அப்பாவின் கையுறை போட்ட கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "அப்ப நேரம்… என்ன எழுதட்டும்?"

பதில் வராததால் அவரே 'அதிகாலை' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில், இறந்த இடம் என்பதற்கு நேராக, 'வீட்டில்' என்று எழுதினார். நோட்டைத் திருப்பி நீட்டினார். "பிள்ளைகள்ல யாராவது ஒரு கையெழுத்து."

பிரவீன்ராஜ் கையை நீட்டினான். பேனாவை ஷெர்லின் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து எழுத்தில் முழுப் பெயரையும் எழுதி, அப்பா பெயரையும் சேர்த்து எழுதி, மூடியை மாட்டி உபதேசியாரிடமே கொடுத்தாள்.

வாசலில் சவப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. பூவரசன் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினான். கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். குளிர் வெளியே வந்தது.

"தலைமாட்டுக்கு மகன் வாங்கண்ணே" என்றான். "அக்கா, நீங்க நகருங்க. கனமா இருக்கும்."

ஷெர்லின் நகரவில்லை. குனிந்து அப்பாவின் இரண்டு தோள்களுக்கும் கீழே கையைக் கொடுத்தாள். பூவரசன் அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

பிரவீன்ராஜ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனான். குதிகாலைப் பிடித்தான். சாக்ஸ் ஈரமாக இருந்தது.

"தூக்கலாமா?" என்றான் பூவரசன்.